முழங்கால் நோகாத மனிதர்

ஏறாவூரில் அப்துல் கபூரின் வீட்டு முன்மதிலில் அப்துல் கபூரே நின்றுகொண்டிருந்தார். ஆளைவிடச் சற்றுப் பெரிதாக, மினுங்குகிற பிளாஸ்டிக் சீலையில் அச்சடித்து மாட்டியிருந்தார்கள். வாய்க்கால் தண்ணீருக்குள் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் நெளிகிற ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி, வெயிலைப் பார்த்துச் சிரிப்பதுபோல முகத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் பச்சை எழுத்து: "வாழ்நாள் முழுக்க வயலில் அட்டைக்கடி வாங்கியவர். முழங்கால் வலி என்றால் என்னவென்றே அறியாதவர்."

அறியாதவருக்கு வலது முழங்கால் சில வருடங்களாகவே நொந்துகொண்டிருந்தது. படம் எடுத்த அன்று கொஞ்சம் கூடுதலாக நொந்தது. முகம் சுருங்கியதற்கு வெயில் காரணமில்லை.

மகள் நஸ்ஹாவைக் கலியாணம் முடித்துக் கொடுத்தபோது வீட்டையும் அவள் பெயருக்கு எழுதியாகிவிட்டது. ஊர் வழக்கம் அதுதான்: வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு, பெண்ணைப் பெற்றவர்கள் கிணற்றடிக்கு. அப்துல் கபூரும் மனைவி றஸீனாவும் கிணற்றடியில் சின்னதாக ஓர் அறையும் குசினியும் கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். மருமகன் நிஸ்தார் கத்தாரில் ஏசி திருத்துகிறவராக இருந்தார். அங்கே வேலை முடிந்து ஊருக்கு வந்தவர், ஏசி இல்லாத ஊரில் என்ன செய்யலாம் என்று சில மாதம் யோசித்தார்.

ஊரில் அப்போது நபிவழி வைத்தியம் என்று ஹிஜாமா சூடாக ஓடிக்கொண்டிருந்தது. முதுகில் கோப்பைகளைக் கவிழ்த்துக் கெட்ட இரத்தம் எடுக்கத் தெருவுக்கும் ஒழுங்கைக்கும் ஓர் இடம் இருந்தது. முடி வெட்டுகிற கடையொன்றின் பின்னறையிலும் இருந்தது. விவாதமும் இல்லாமல் இல்லை. ஊரிலிருந்து படித்துப் போன இளம் டொக்டர் ஒருவர் இதெல்லாம் சரியில்லை என்று பேஸ்புக்கில் நீளமாக எழுதினார். அவருக்கு எழுதப் படிப்பித்த வாத்தியாரே கீழே வந்து, படித்தவுடன் ஈமான், அந்த இறைநம்பிக்கை, குறைந்துவிட்டதா என்று கேட்டார். மூன்றாவதாக ஒருவர் வந்து இரண்டு பேருக்கும் கருஞ்சீரக எண்ணெய் விற்கப் பார்த்தார்.

"கோப்பை எல்லார்ட்டயும் இரிக்கி மாமா," என்றார் நிஸ்தார். "அட்டை ஆருட்டயும் இல்ல."

"வயலுக்குள்ள எல்லாருட்டயும் இரிக்கே," என்றார் அப்துல் கபூர்.

"அத வைத்தியமா ஆரும் செய்யல்லயே."

நிஸ்தார் கேரளாவுக்குப் போய்க் கொஞ்ச நாள் படித்துவிட்டு வந்தார். முன் மண்டபத்தில் கட்டில் போட்டு, திரை தொங்கவிட்டு, கண்ணாடிப் போத்தல்களை அடுக்கினார். அட்டை பிடித்துக் கொடுக்கிற பொறுப்பு, ஊர் வயல்வெளியான வட்டைக்குள் சொந்த வயல் வைத்திருந்த மாமனாரிடம் வந்து சேர்ந்தது.

அட்டை பிடிப்பது பார்க்க இலேசான வேலை. வாய்க்காலில் இறங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான். எருமை படுத்தெழும்பும் மடுவில் கிடக்கிற அட்டைகள் வயிறு நிறைந்தவை. வைத்தியத்துக்கு வைத்தால் சுருண்டு படுத்துவிடும். நிஸ்தாருக்குத் தேவைப்பட்டவை பசித்த அட்டைகள். பசித்த அட்டைக்கு மனிதக் காலைக் காட்ட வேண்டும். அது நெளிந்து நீந்தி வந்து ஒட்டி, வாய் வைக்க இடம் தேடுகிற நேரத்தில் எடுத்துப் போத்தலுக்குள் போட்டுவிட வேண்டும். அப்துல் கபூரின் கண் பழைய மாதிரி இல்லை. ஒன்றைப் போத்தலில் போடுவதற்குள் இன்னொன்று குடிக்கத் தொடங்கிவிடும். குடிக்கத் தொடங்கியதை இழுத்துப் பிடுங்கக் கூடாது, அட்டைக்குப் பல் உடைந்துவிடும் என்று மருமகன் சொல்லியிருந்தார். ஆகவே அது குடித்து முடித்துத் தானாக விழும்வரை அவர் மரியாதையாகக் காத்துக்கொண்டு நின்றார்.

"ஈரல் துண்டொண்டக் கட்டித் தொங்க விட்டா வராதா?" என்று றஸீனா ஒருநாள் கேட்டாள். அப்துல் கபூர் அதை மருமகனிடம் கேட்டார்.

"செத்த ரத்தம் ருசி பாத்த அட்டை மனிசன்ட கால்ல வாய் வைக்காது மாமா," என்றார் நிஸ்தார்.

இது கேரளாவில் சொன்னதா கத்தாரில் சொன்னதா என்று றஸீனாவுக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது. மருமகனிடம் மாமியார் கேள்வி கேட்கிற வழக்கம் இல்லாததால் அதையும் கணவரிடமே கேட்டாள். அவர் போத்தலை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார்.

அந்தப் பச்சை எழுத்துக்குக் காரணம் றுமானா டீச்சர். வேலையிலிருந்து இளைப்பாறிய கணித ஆசிரியை. முழங்கால் வலியோடு வந்தவர், கட்டிலில் ஏறுவதற்கு முதல் அத்தாட்சி கேட்டார்.

"இது வேலை செய்யுமெண்டு எப்பிடி நம்புற தம்பி?"

நிஸ்தார் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அப்துல் கபூர் போத்தலோடு முற்றத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

"எங்கட மாமாவப் பாருங்க டீச்சர். சின்னதுல இருந்து இந்த வயசு மட்டும் அட்டைக்குள்ளதான் நிக்கிறார். ஒரு நாள் கால் நோவுதெண்டு சொன்னதில்ல."

சொன்னதில்லை என்பது உண்மை. மருமகனிடம் கால் நோகிறது என்று சொல்வது, வீட்டைக் கொடுத்துவிட்டு முதுகையும் அழுத்திவிடச் சொல்வது போலிருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். டீச்சர் திரும்பி, கணக்கைச் சரிபார்க்கிற கண்களால் அவருடைய கால்களைப் பார்த்தார். வழக்கமாக இடது காலை முன்னே வைத்து, கதவு நிலையைப் பிடித்துத்தான் அப்துல் கபூர் படி ஏறுவார். அன்றைக்கு வலது காலை வைத்து, ஒன்றையும் பிடிக்காமல், ஏறினார். வாடிக்கையாளர் முன்னால் மருமகனைப் பொய்யனாக்க முடியுமா? போத்தலை மேசையில் வைத்துவிட்டு, பின்வாசலால் நிமிர்ந்து நடந்துபோய், கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தவர் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை எழும்பவில்லை.

அடுத்த கிழமை படம் எடுத்தார்கள்.

அப்துல் கபூருக்கு இந்த உலகத்தில் பெரிய ஆசைகள் இல்லை. நெற்றி நிலத்தில் படத் தொழ வேண்டும், யாரும் தூக்கிவிடாமல் எழும்ப வேண்டும். அது முடியாமல் போனபிறகு பள்ளிவாசலில் வரிசையின் ஓரத்தில் ஒரு கதிரை போட்டுத் தொழுதுவந்தார். கால் ஏலாதவர்கள் எல்லோரும் அப்படித்தான். படம் மதிலில் ஏறிய பிறகு கதிரையில் உட்கார முடியவில்லை. நிலத்தில் தொழுதார். நெற்றியை நிலத்தில் வைக்க ஸுஜூதுக்குப் போனவர் எழும்புவதற்குள் மற்றவர்கள் அடுத்த நிலைக்குப் போய்விடுவார்கள். பக்கத்தில் நின்றவர்கள் அவருடைய பக்தி கூடிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பிறகு அவர் ஓட்டோ பிடித்து, தன்னைத் தெரியாத பள்ளியொன்றுக்குப் போய்க் கதிரையில் தொழத் தொடங்கினார். படம் பேஸ்புக்கிலும் போனதால் அந்தப் பள்ளியும் நிலைக்கவில்லை.

"சொந்த ஊட்டு முத்தத்துல களவாக் கால் நொண்டுற ஒரே ஆள் நீங்கதான்," என்றாள் றஸீனா. "மருமகன்ட்ட ஒரு சொல்லுச் சொன்னா என்ன?"

"சொன்னா மதில்ல இரிக்கிற படம் என்ன செய்யும்?"

"படத்துக்கு நோவா, ஒங்களுக்கு நோவா?"

றஸீனா தானே ஊர் டிஸ்பென்சரி டொக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, பெரியாஸ்பத்திரி எலும்பு கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்தார். நீண்ட காத்திருப்புக்குப் பிறகு கிளினிக் நாள் வந்தது. காத்தான்குடியில் ஒரு சுகமில்லாத உறவினரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். சுகமில்லாத உறவினருக்கு நஸ்ஹா தோடம்பழம் கொடுத்தனுப்பினாள். அதைப் பஸ்ஸிலேயே சாப்பிட வேண்டியதாயிற்று.

கிளினிக்கின் நீள மர வாங்குகளில் ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் ஏறாவூர், ஓட்டமாவடி. அந்தப் பக்கம் களுதாவளை, நாவற்குடா. எல்லோரும் காலை நீட்டியிருந்தார்கள். அப்துல் கபூர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். உட்கார்ந்து நிமிர்வதற்குள் எதிர்வாங்கில் ஒரு பெண் எழும்பிவிட்டாள். களுதாவளைச் சீதேவிப்பிள்ளை. நிஸ்தாரிடம் போனமாதம் வந்து அட்டை வைத்துக்கொண்டு போனவள்.

"காக்கா!" என்று அண்ணன் முறையில் கூப்பிட்டாள். "நீங்க அந்த அட்டைக் காக்கா எல்லுவா!"

"ஓம் புள்ள," என்றார் அப்துல் கபூர். வேறு என்ன சொல்ல?

சீதேவிப்பிள்ளை வாங்கு முழுவதற்கும் அவரை அறிமுகப்படுத்தினாள். "இவருக்கு முழங்கால் நோவெண்டா என்னெண்டே தெரியாதாம். மதில்ல பெரிசா எழுதிக் கிடக்கு. நான் கண்ணால பாத்தனான்." பிறகு அவரிடம் திரும்பி, "ஆரைக் கூட்டிட்டு வந்த காக்கா?" என்றாள்.

அப்துல் கபூர் மனைவியைப் பார்த்தார். றஸீனா கண் இமைக்காமல் தன் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். சில வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்த்த நோவு. எந்த இடத்தில் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அய்யோ பாவம்," என்றாள் சீதேவிப்பிள்ளை. "வீட்டுக்குள்ள அட்டையை வைச்சிட்டு இஞ்ச வந்து கிடக்கிறியள். ஏன்கா அட்டை வைக்கல்ல?"

"எனக்கு அட்டையெண்டா அருவருப்பு," என்றாள் றஸீனா. அது உண்மையும்கூட.

"உங்களுக்குக் குறைஞ்சதா புள்ள?" என்று அப்துல் கபூர் பேச்சை மாற்றப் பார்த்தார்.

"குறைஞ்சது காக்கா, குறைஞ்சது. நல்லாக் குறைஞ்சது. அதான் மிச்சத்தையும் குறைப்பமெண்டு இஞ்ச வந்தன்."

இதற்குள் ஓட்டமாவடியிலிருந்து வந்திருந்த வயதான மனிதர் ஒருவர் ஊன்றுகோலோடு எழும்பி வந்து, நோகாத முழங்கால் எப்படியிருக்கும் என்று ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். மறுக்க வழியில்லை. அவர் பெருவிரலை வைத்து, சரியாக அந்த இடத்தில், நன்றாக அழுத்தினார்.

அப்துல் கபூர் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நுளம்பின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நுளம்பு இரண்டாகத் தெரிந்தது.

"கல்லுப் போல இரிக்கி," என்றார் ஓட்டமாவடிக்காரர் திருப்தியாக. "மாஷா அல்லாஹ்."

அந்த நேரம் பார்த்துத் தாதி கதவைத் திறந்து கூப்பிட்டார். "அப்துல் கபூர்!"

அப்துல் கபூர் அசையவில்லை.

"அப்துல் கபூர், ஏறாவூர்! முழங்கால் நோவு!"

"காக்கா, உங்கட பேரெல்லுவா?" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"எத்தனை பேருக்கு இந்தப் பேர் இரிக்கி," என்றார் அப்துல் கபூர்.

"இல்லாட்டி அடுத்த ஆளைக் கூப்பிடுறன். பிறகு திகதி மாத்தித்தான் வரவேணும்," என்றார் தாதி.

றஸீனா தன் முழங்காலைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். கிளினிக்குக்கு இனி எப்போது நாள் கிடைக்கும், அதுவரை எத்தனை பள்ளி மாற்றுவது என்பதெல்லாம் அந்தக் கையை எடுத்த விதத்திலேயே இருந்தது. அப்துல் கபூர் எழும்ப முடிவு செய்தார். அவர் முடிவு செய்தாரே தவிர முழங்கால் செய்யவில்லை. இவ்வளவு நேரம் மடங்கிக் கிடந்ததில் அது பூட்டிக்கொண்டுவிட்டது. பாதி எழும்பிய நிலையில் நின்றார். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. கடைசியில் சீதேவிப்பிள்ளை ஒரு பக்கமும் ஓட்டமாவடிக்காரர் மற்றப் பக்கமும் பிடித்து அவரைத் தூக்கி நிமிர்த்தினார்கள். வாங்கு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, மிக நீண்ட காலத்துக்குப் பிறகு அவர் விரும்பியபடி நொண்டி நொண்டி உள்ளே போனார். அந்த நடை அவருக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை யாரிடமும் சொல்ல முடியாது.

உள்ளே இருந்தவர் இளம் பெண் டொக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முழங்காலை மடக்கி நீட்டினார். பிறகு கண்கள் கீழே இறங்கின.

"இதென்ன ஐயா, காலெல்லாம் சின்னச் சின்னத் தழும்பு?"

"அட்டை, மகள்."

டொக்டர் அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "நல்லா வெளிறிப் போயிருக்கிறீங்க. எங்கேயாவது ரத்தம் போகுதா?"

"போகுதுதான்."

"எங்க?"

அப்துல் கபூர் யோசித்தார். பொய்யில் இன்றைக்கு ஒருமுறை மாட்டியாகிவிட்டது.

"மருமகனுக்குப் போகுது," என்றார்.

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு றஸீனாவைப் பார்த்தார்.

"உண்மைதான் மிஸ்," என்றாள் றஸீனா. பிறகு ஏசியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் அவளே சொன்னாள்.

டொக்டர் சிரிக்கவில்லை. இரத்தப் பரிசோதனைக்குத் துண்டு எழுதினார். "அப்ப முழங்காலுக்கு மேல அட்டை வைச்சுப் பாத்திருக்கிறீங்களா?"

"இல்ல மகள். அது வாற ஆக்களுக்கு."

"முழங்கால் தேய்மானத்துக்கு அட்டை வைச்சா சில பேருக்குக் கொஞ்ச காலம் நோவு குறையுதெண்டு வெளிநாட்டில ஆராய்ச்சி செய்திருக்கிறாங்க. ஆனா தேஞ்சது தேஞ்சதுதான். வாய்க்கால் அட்டையால கிருமி தொத்தவும் இடமிருக்கு."

"அப்ப நல்லதா, கூடாதா?"

"அப்பிடி ஒரே சொல்லில சொல்லேலாது ஐயா."

அப்துல் கபூருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. பேஸ்புக்கில் எல்லோரும் ஒரே சொல்லில்தான் சொன்னார்கள்.

கதிரையில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, கொஞ்ச நேரம் பிடித்து, மெல்ல இறக்கச் சொன்னார் டொக்டர். தினமும் செய்ய வேண்டும். அதில் குறையாவிட்டால் ஊசி, பிறகு சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். நிலத்தில் தொழ முடியுமா என்று கேட்டதற்கு, முடியலாம், வாக்குத் தர மாட்டேன் என்றார். "ஆனா அட்டைக்குக் காலைக் குடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள்ள நிக்கிறத இண்டையோட விட்டிருங்க. முழங்காலுக்காக இல்ல, ரத்தத்துக்காக."

வெளியே வரும்போது அப்துல் கபூர் தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தார். ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தார். ஆனால் சீதேவிப்பிள்ளை ஃபோனில் மதில் படத்தை வைத்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, வாங்கில் இருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பாருங்க. தண்ணி எதுமட்டும் நிக்குது? கெண்டைக்கால் மட்டும்தானே. அட்டை அதுக்கு மேல எப்பிடி ஏறும்? கடிச்ச இடம் நல்லாத்தான் இருக்கும். காக்கா, உங்களுக்குக் கணுக்கால் நொந்திருக்கா?"

அப்துல் கபூர் நினைத்துப் பார்த்தார். "இல்ல," என்றார் உண்மையாகவே.

"பாத்தியளா!" என்றாள் சீதேவிப்பிள்ளை. வாங்கு தலையாட்டியது. ஓட்டமாவடிக்காரர் தனக்குக் கணுக்காலிலும் கொஞ்சம் இருக்கிறது என்று சொல்லி நிஸ்தாரின் ஃபோன் இலக்கம் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது நிஸ்தார் வாசல் படலையில் நின்றார். கையில் ஃபோன். கணுக்கால் என்று மூன்று பேர் கூப்பிட்டுவிட்டார்களாம். அதில் ஒருவர், மாமாவைத் தூக்கி நிமிர்த்திய கதையையும் சொல்லியிருந்தார்.

"மாமா, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிரிக்கலாமே."

"நீங்க கேக்கல்ல மருமகன். எழுதிப்போட்டீங்க."

நிஸ்தார் மதிலைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. அவர் கெட்ட ஆள் இல்லை. இவ்வளவு நாளும் அதை உண்மை என்றே நம்பிக்கொண்டிருந்தவர். நொண்டாத மாமனாரை ஊரில் அதிகம் நம்பியவர் அவர்தான்.

"இப்பயே கட்டில்ல படுங்க," என்றார். "நான் வைச்சு விடுறன். சும்மா."

"அத பொறவு பாப்பம். டொக்டர் இனி வாய்க்காலுக்குள்ள எறங்க வேணாமெண்டுட்டாங்க. ஒடம்புல ரத்தம் இல்லையாம்."

நிஸ்தாருக்கு அப்போதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். திரைக்குப் பின்னால் நாளைக்கு வருகிறவர்களுக்கான போத்தல்கள் வெறுமையாக அடுக்கியிருந்தன.

"அப்ப அட்டை ஆரு மாமா புடிக்கிற?"

"ஒங்களுக்கும் கால் இரிக்கே," என்றாள் றஸீனா. மருமகனிடம் அவள் நேராகப் பேசிய முதல் வசனம் அது. கதவடியில் நின்ற நஸ்ஹா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை அப்துல் கபூர் வரம்பில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நிஸ்தார் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். அவருடைய கால்கள் கத்தாரில் சப்பாத்துக்குள்ளேயே இருந்து வெளுத்துப்போனவை. அட்டைகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். மூலையிலிருந்து நான்கைந்து ஒன்றாகவே புறப்பட்டன.

"மாமா, வருது."

"வரட்டும். அசையாதீங்க."

"இந்தா ஒண்டு ஏறிட்டு. மாமா, இது கடிக்கிது!"

"கடிச்சிட்டா? அப்ப விடுங்க. இழுத்தா பல் உடஞ்சிரும்."

நிஸ்தார் இரண்டு கைகளையும் காற்றில் தூக்கிக்கொண்டு நின்றார். அப்துல் கபூர் டொக்டர் சொன்னபடி வலது காலை நேராக நீட்டி, கொஞ்ச நேரம் பிடித்து, மெல்ல இறக்கினார். நொந்தது. "யா அல்லாஹ்" என்று வாய்விட்டுச் சொன்னார். வாய்க்காலிலிருந்தும் அதே வார்த்தை வந்தது. வட்டைக்குள் வேறு யாரும் இல்லாததால் இருவருமே சத்தத்தைக் குறைக்கவில்லை.